பினாங்குக் கரையில் மணலும் சேறும்: ஆறும் கடலும் நிலத்தை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் கரையோர நடைக்கு வருகிறவர்களும், தமிழ்ப்பள்ளி மாணவர்களும், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாடநூல் வரிசை கிடையாது. சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு நாலு வரியே போதும். எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த மண் எங்கிருந்து வந்தது, இனி எங்கே போகும்? அதைக் கேட்டுப் பழகிவிட்டால் பாதிப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

பத்து பெரிங்கியில் மணல், கர்னி டிரைவில் சேறு. ஒரே தீவில் ஏன் இப்படி?

இரண்டுக்கும் மூலம் ஒரே மலைதான். தீவின் நடுவில் எழுந்து நிற்கும் குன்றுகள் எல்லாம் கிரானைட் பாறை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல மெல்ல இறுகி உண்டானவை. ஒரு சில்லை உடைத்துக் கையில் வைத்துப் பாருங்கள். நிறமில்லாமல் பளபளப்பது குவார்ட்ஸ். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கட்டி கட்டியாகத் தெரிவது ஃபெல்ட்ஸ்பார். இடையிடையே மினுங்கும் கறுப்புத் தகடு மைக்கா.

நம் ஊர் மழைக்கும் சூட்டுக்கும் ஃபெல்ட்ஸ்பார் தாக்குப்பிடிக்காது. நீரோடு வேதிவினை நடந்து களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் அசைந்து கொடுக்காது. சுற்றியிருப்பது இற்றுப்போனதும் பருமணலாக உதிர்ந்து விழும். ஆக, ஒரே பாறையிலிருந்து மணலும் வருகிறது, சேறும் வருகிறது. இரண்டையும் மழைநீர் ஓடைக்குக் கொண்டுவர, ஓடை கடலுக்குக் கொண்டுபோகிறது.

எது எங்கே தங்கும் என்பது அலையின் கையில். தீவின் வடகரை அந்தமான் கடல் பக்கம் திறந்து கிடக்கிறது. அங்கே வந்து மோதும் அலை, முறத்தில் புடைப்பதுபோல நொய்யான களிமண்ணை வெளியே தள்ளிவிட்டுக் கனமான மணலை மட்டும் கரையில் விடுகிறது. கிழக்குக் கரைக்கும் எதிரே தீபகற்பத்தில் உள்ள செபராங் பிறைக்கும் நடுவே இருப்பது குறுகலான கால்வாய்போன்ற கடல். பெரிய அலை உள்ளே நுழைய வழியில்லை. களிமண் நிதானமாக இறங்கிப் படுத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தீபகற்பத்துக்கும் இதே கணக்குதான். கிளந்தான், திரங்கானு கரைகள் வடகிழக்குப் பருவக்காற்றின் அலையை நேருக்கு நேர் வாங்குகின்றன. அதனால் நீண்ட மணற்கரை. மேற்குக் கரைக்குச் சுமத்ரா தீவு மறைப்பாக நிற்கிறது. அதனால் சேறும் பாக்காவ் எனும் அலையாத்திக் காடும்.

கடற்கரையில் கிடக்கும் உருண்டைப் பாறைகளை அலைதான் உருட்டி வழவழப்பாக்கியதா?

பெரும்பாலானவற்றை இல்லை. இதை நம்ப வைக்க நான் கடற்கரைக்குப் போகாமல் மலைப்பாதைக்குக் கூட்டிப் போவேன். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் வளைவுச் சாலையில் மலையை வெட்டிய சரிவுகளைப் பாருங்கள். செம்மண் நடுவே, கடலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். சிலவற்றின் மேல் கை வைத்தால் வெளிப்புறம் பொருக்குப் பொருக்காக உதிரும், உள்ளே கெட்டியான கல்.

நடந்தது இதுதான். கிரானைட்டில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றின் வழியே இறங்குகிறது. வெடிப்புகள் பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க, ஒவ்வொரு கட்டத்தின் மூலையையும் நீர் மூன்று பக்கத்திலிருந்தும் தாக்குகிறது. மூலைதான் முதலில் கரையும். மூலைகள் போய்விட்டால் மிஞ்சுவது உருண்டை. பிற்பாடு சுற்றியுள்ள மண்ணை மழை அரித்துவிட, உருண்டைகள் வெளியே தெரிகின்றன அல்லது சரிந்து கரைக்கு வருகின்றன. பத்து பெரிங்கியின் பாறைகள் மண்ணுக்குள்ளேயே உருண்டையானவை. அலை அவற்றைக் கழுவி வைத்ததோடு சரி.

ஆறு மண்ணை எப்படித் தூக்கிக்கொண்டு போகிறது?

நான்கு விதமாக. பெரிய கல்லை அடியில் உருட்டும். மணலைத் தத்தித் தத்தித் தாவ வைக்கும். வண்டலையும் களிமண்ணையும் நீரோடு கலக்கி மிதக்க வைக்கும். உப்புகளைக் கரைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துப் போகும்.

இதில் முக்கியம் வேகம். நீரின் வேகம் இரட்டிப்பானால் அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை இரட்டிப்பாகாது, ஏறக்குறைய 64 மடங்காகும். அதனால்தான் மாதக்கணக்கில் ஒன்றுமே செய்யாததுபோல ஓடும் ஓடை ஒரே இரவில் பாறையைப் புரட்டிப் போடுகிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்தபின் வீடுகளிலிருந்து வாரிக் கொட்டிய சேறு எல்லாம் மலையின் மண். தீவின் பல இடங்களில் சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. சாதாரண நாள்களில் ஆறு சில்லறை வேலைதான் பார்க்கிறது. பெருமழை நாளில்தான் நிலம் உண்மையில் இடம் மாறுகிறது.

ஆற்று நீர் மட்டும் பாறையைக் குடைய முடியுமா?

தெளிந்த நீர் தனியாகக் கிரானைட்டை மிக மெதுவாகத்தான் தேய்க்கும். அது சுமந்து வரும் மணலும் கூழாங்கல்லும்தான் உளி. நீர் சுழலும் இடத்தில் ஒரு கல் சிக்கிக்கொண்டால் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கிண்ணம்போல் பள்ளம் பறித்துவிடும். தண்ணீர்மலை அடிவாரத்தில் தாவரவியல் பூங்கா வழியாக வரும் ஆயர் தெர்ஜுன் ஆற்றின் மேல்பகுதியிலும், தெலுக் பஹாங் ஓடைகளிலும் வழுவழுவென்று தேய்ந்த பாறைத் தளங்களைக் காணலாம். கல்லும் சும்மா இருப்பதில்லை. ஒன்றோடொன்று மோதி அதுவும் சிறுத்துக்கொண்டே போகிறது.

தண்ணீர்மலைப் பக்கம் அவ்வளவு தெளிவாக இருக்கும் நீர், ஜெலுத்தோங் வருவதற்குள் ஏன் கலங்கிப் போகிறது?

ஆயர் தெர்ஜுன் ஆறும் ஆயர் ஈத்தாம் ஆறும் கடைசியில் சுங்கை பினாங்கில்தான் (சுங்கை என்றால் மலாயில் ஆறு) சேர்கின்றன. மேலே காடு. மரத்தின் இலையும் வேரும் உதிர்ந்த சருகும் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன, மண் அசைவதில்லை. கீழே வர வர மலைச்சரிவை வெட்டிய கட்டுமானம், தோட்டம், சாலையோர லோங்காங் எனும் வடிகால். திறந்து கிடக்கும் சரிவில் விழும் ஒவ்வொரு துளியும் மண்ணைத் தெறிக்கவிட்டு ஆற்றுக்கு அனுப்புகிறது.

அப்புறம் சரிவும் குறைந்துவிடுகிறது. 833 மீட்டர் உயரக் கொடிமலையிலிருந்து (பினாங்கு ஹில்) சில கிலோமீட்டரில் கடல்மட்டத்துக்கு இறங்கிவிடும் ஆறு இது. மேலே பாய்ந்து வந்தது, தட்டையான நகரத்தில் நடை தளர்கிறது. போதாததற்குக் கடல் ஏறும்போது ஆற்றுநீர் வெளியேற முடியாமல் பின்வாங்குகிறது. வேகம் இல்லாத நீர் சுமையை இறக்கி வைக்கும். தூர்வாரினாலும் சில காலத்தில் மறுபடி மேடு தட்டுவது அதனால்தான். ஆற்றின் அடியைத் தோண்டுகிறவர்களைவிட மேலே சரிவை வெட்டுகிறவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி இது என்பது என் கட்சி.

சமவெளிக்கு வந்த ஆறு ஏன் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறது?

ஒரு சின்ன வளைவு போதும். வளைவின் வெளிப்பக்கம் நீர் விரைந்து கரையை அறுக்கும். உள்பக்கம் நீர் மந்தமாகி மணலை இறக்கும். அறுபட்ட பக்கம் இன்னும் வெளியே போக, படிந்த பக்கம் பின்னாலேயே வர, வளைவு பெரிதாகிக்கொண்டே போகும். சுங்கை பிறையை வரைபடத்தில் பாருங்கள், விளங்கும். சில சமயம் வளைவின் இரு கழுத்தும் நெருங்கி, ஒரு வெள்ளத்தில் ஆறு குறுக்கே புகுந்துவிடும். கைவிடப்பட்ட வளைவு குதிரைக் குளம்பேரி ஆகும். சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றோரம் இவை நிறைய உண்டு.

வளைவின் வெளிப்பக்கம் வீட்டுமனை மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள் என்று கேட்பவர்களிடம் சொல்லிவிடுவேன்.

ஆற்றுச் சேறு சரியாக முகத்துவாரத்தில் போய்ப் படிவது எப்படி? இன்னும் தூரம் போயிருக்கலாமே?

இது எனக்குப் பிடித்த கேள்வி. வேகம் குறைவது ஒரு காரணம். இன்னொரு காரணம் உப்பு. களிமண் துகள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் எதிர்மின்னேற்றம் இருக்கும். நன்னீரில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, தனித்தனியாக நாள்கணக்கில் மிதக்கும். கடல்நீரின் உப்பு அந்தத் தள்ளுதலை அடக்கிவிடும். துகள்கள் ஒட்டிக்கொண்டு திரளும், கனம் கூடும், கீழே இறங்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு செம்மண் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்பு. மேசையில் அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் இரண்டிலும் நீங்கள் கையை எடுப்பதற்குள் அடியில் விழுந்துவிடும். அதன்மேல் வண்டல் மெல்லிய அடுக்காக இறங்கும். அதற்குப் பிறகுதான் வித்தியாசம். உப்புப் போத்தலில் பஞ்சுபஞ்சாகத் திரள் தெரியும், மேல்நீர் தெளியத் தொடங்கும். உப்பில்லாதது மறுநாளும் தேத்தண்ணீர் நிறத்திலேயே நிற்கும். பிள்ளைகள் அறிவியல் விழாவுக்கு எரிமலை செய்வதை விட்டுவிட்டு இதைச் செய்தால் நான் மகிழ்வேன்.

அப்படியானால் பினாங்கில் காவிரிபோல டெல்டா ஏன் இல்லை?

தீவின் ஆறுகள் குட்டை. கொண்டுவரும் மண் கொஞ்சம். வந்ததையும் கால்வாய்க் கடலின் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் இழுத்துப் பரப்பிவிடுகிறது. முக்கோணமாகக் குவிய விடுவதில்லை. அதற்காக நிலம் சேரவில்லை என்று அர்த்தமில்லை. ஜார்ஜ்டவுன் நிற்கும் தட்டையான முனையே படிந்த மண்தான். மலையிலிருந்து வந்ததும் கடல் ஒதுக்கியதும் சேர்ந்து உண்டானது.

அலை கரையை அரிக்கிறதா, கட்டுகிறதா?

இரண்டும். ஒரே கரையில், ஒரே ஆண்டில்.

அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் வேகம் குறையும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையருகே ஆழம் முதலில் குறைவதால் அலை அந்தப் பக்கம் வளைந்து, முனையை மூன்று திசையிலிருந்தும் தாக்கும். குடாவுக்குள் வரும் அலையோ விரிந்து பலம் இழக்கும். முனை தேயத் தேய, அந்தப் பொருளும் ஓடைகள் கொண்டுவந்த மணலும் குடாவில் சேரும். வடகரையில் தஞ்சோங் பூங்கா (Tanjung Bungah) என்ற ஊரிலிருந்து முக்கா ஹெட் வரை பாறைமுனை, மணற்குடா, பாறைமுனை, மணற்குடா என்று மாறி மாறி வருவது இந்த வேலையால்தான்.

பாறையை உடைப்பதில் நீரின் எடையோடு காற்றுக்கும் பங்கு உண்டு. அலை மோதும்போது வெடிப்புக்குள் இருக்கும் காற்று அமுங்கும், அலை விலகும்போது சட்டென்று விரியும். ஓயாமல் இப்படி நடந்தால் எந்தக் கல்லும் விட்டுக்கொடுக்கும்.

போன தடவை வந்தபோது இருந்த மணலைக் காணோம். யாராவது அள்ளிப் போகிறார்களா?

கடற்கரையில் அப்படிக் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் கடலே காரணம். கொந்தளிப்பான அலை மணலை இழுத்துச் சற்று ஆழத்தில் மேடாகக் குவித்து வைக்கும். அமைதியான அலை அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரும். காற்றுக்காலம் மாறினால் கரை மெலியும், பிறகு தேறும்.

பக்கவாட்டு ஓட்டமும் உண்டு. அலை கரையைச் சாய்வாகத் தொட்டால் மணல் சாய்வாக ஏறி, நேராக இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் ஓர் எட்டு. இப்படியே நடந்து நடந்து கரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்விடும். ஒரு பாறைமுனையோ கல்தடுப்போ குறுக்கிட்டால் ஒரு பக்கம் மணல் குவிந்தும் மறுபக்கம் கரை தேய்ந்தும் இருக்கும். எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று பார்த்தாலே மணல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

ஆற்றில் மணல் அள்ளுவது வேறு கதை. கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடும் சுங்கை மூடா போன்ற ஆறுகளில் மணல் எடுத்தால் ஆற்றின் அடி தாழும், கரை சரியும், கடலுக்குப் போக வேண்டிய மணலும் குறையும். அணைக்கும் இதே குணம் உண்டு. ஆயர் ஈத்தாம் அணையும் தெலுக் பஹாங் அணையும் நமக்குக் குடிநீர் தருகின்றன. கூடவே மேலிருந்து வரும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

பந்தாய் கெராச்சுட்டில் இரண்டடுக்கு ஏரி இருக்கிறதாமே?

இருக்கிறது. பினாங்கு தேசியப் பூங்காவுக்குள், காட்டுவழியே நடந்தோ தெலுக் பஹாங்கிலிருந்து படகிலோ போகலாம். காட்டிலிருந்து இறங்கும் ஓடைநீரைக் கடல் சேர்த்துவைத்த மணல்மேடு மறித்து நிற்கிறது. கடல் ஏறும்போது உப்புநீரும் உள்ளே புகும். உப்புநீர் கனம், அது அடியில். நன்னீர் இலேசு, அது மேலே. இரண்டும் கலக்காமல் அடுக்காகவே நிற்கும்.

ஆனால் எச்சரிக்கை: ஆண்டின் சில மாதங்களில் அங்கே ஏரியே இருக்காது. வெறும் சேற்றுத் தரையும் மேலே ஒரு பாலமும்தான். ‘இவ்வளவு தூரம் நடந்து வந்தது இதுக்கா சார்?’ என்று பிள்ளைகள் முறைப்பார்கள். எனக்கு வற்றிய ஏரிதான் கூடுதல் சுவாரசியம். மணல்மேட்டின் உடம்பு முழுதாகத் தெரிவது அப்போதுதான். கடல் பக்கம் செங்குத்தாகவும் ஏரிப் பக்கம் சரிவாகவும் இருப்பதைக் காணலாம். புயலலை மேட்டைத் தாண்டி வந்த இடத்தில் மணல் விசிறியாகப் பரவியிருக்கும். ஆமைகள் முட்டையிட ஏறி வருவதும் இந்த மணலுக்குத்தான். வேலி போட்ட இடத்தில் காலை வைக்காதீர்கள்.

கர்னி டிரைவில் முன்பு கடற்கரை இருந்ததா?

இருந்தது என்று பழையவர்கள் சொல்வார்கள். அந்தச் சாலை 1930களில் கரையோரமாகப் போடப்பட்டது. அக்காலத்தில் அங்கே கவலை வேறு. கடல் கரையை அரித்துச் சாலைவரை வந்துவிடுமோ என்பதுதான். அதற்காகத் தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். பிற்பாடு பிரச்சினை தலைகீழானது: கடல் பின்வாங்கி, சேறு மேடிட்டு, அதில் செடிகூட முளைத்தது.

மாறியது அலை வரும் வழி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்துப் பெரிய நிலப்பரப்பு உருவாக்கினார்கள். அது கர்னி குடாவுக்கு ஒரு கைபோல மறைப்பாகிவிட்டது. முன்பு அலை கலக்கி வெளியே அனுப்பிய களிமண் இப்போது தங்கத் தொடங்கியது. யாரும் அங்கே சேறு கொண்டுவந்து கொட்டவில்லை. கொண்டுபோகிறவரைத் தடுத்துவிட்டோம், அவ்வளவுதான். பிறகு அந்தச் சேற்றின் மேலேயே நிலம் தூர்த்து, இன்று கர்னி பே பூங்கா வந்துவிட்டது. மாலையில் காற்று வாங்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

நிலம் தூர்ப்பது பினாங்குக்குப் புதிதும் அல்ல. ஜார்ஜ்டவுனின் பீச் ஸ்திரீட் ஒரு காலத்தில் உண்மையிலேயே கடலோரமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய தூர்ப்பு வேலையில்தான் அதற்கு முன்னால் வெல்ட் கீ உருவானது. தீவின் தென்கடலில் இப்போது எழும் சிலிக்கான் தீவைப் பற்றி மீனவர்கள் இவ்வளவு சத்தம் போட்டதும் இந்தக் கணக்கால்தான். ஓரிடத்தில் நீரோட்டத்தை மாற்றினால் இறாலும் கெராங் சிப்பியும் வாழும் சேற்றின் இடமும் மாறும்.

சுவர் கட்டினால் அரிப்பு நிற்குமா?

சுவருக்குப் பின்னால் இருக்கும் சாலைக்கு நிற்கும். சுவருக்கு முன்னால் இருக்கும் மணலுக்கு நிற்காது. சாய்வான மணற்கரையில் அலை ஏறி, தன் பலத்தைச் செலவழித்துவிட்டுத் திரும்பும். செங்குத்துச் சுவரில் மோதினால் பலம் குறையாமல் திரும்பிச் சுவரின் காலடியைத் தோண்டும். சுவர் முடியும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கரை இன்னும் வேகமாகப் போகும். கல் குவித்த சாய்வுத் தடுப்பு ஓரளவு தேவலை. மருத்துவமனையோ சாலையோ பின்னால் இருந்தால் சுவரைத் தவிர வழியிராது. வெறும் தென்னந்தோப்பைக் காப்பாற்றச் சுவர் கட்டுவது எனக்கு ஒப்பாத காரியம்.

பாக்காவ் மரங்கள் நிலத்தை வளர்க்குமா? சுனாமியைத் தடுத்தனவா?

சேறு ஓரளவு சேர்ந்த பிறகுதான் மரம் வரும். வந்தபின் வேலையை விரைவுபடுத்தும். முட்டுக்கொடுத்த வேர்களும், சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டும் மூச்சுவேர்களும் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் குறைந்தால் மண் இறங்கும் என்று மேலே சொன்னேன். பாலிக் புலாவ் பக்கத்துக் கரையில் நீர் வற்றும் நேரம் நின்று பார்த்தால், வேர்களுக்கு நடுவே புதுச்சேறு மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். அதன்மேல் சேற்றுமீன் தத்தும் தடமும் நண்டு உருட்டிய குட்டி உருண்டைகளும் தெரியும். கடல் மறுபடி ஏறும்போது அதில் கொஞ்சம் கரைந்துபோகும், கொஞ்சம் நிற்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில்தான். அடர்ந்த அலையாத்திக் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் அகலம் வேண்டும். ஒற்றை வரிசை மரத்தை நம்பி நிற்கக்கூடாது. பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் சுனாமிக்கு முன்பிருந்தே கன்று நட்டு வந்தார்கள். அவர்களுக்கு முதல் காரணம் மீன்வளம்.

நடுவதில் ஒரு விஷயம்: அலை பலமாக அடிக்கும் மணற்கரையில் பாக்காவ் நட்டுப் படம் பிடித்துக்கொள்வதில் பயனில்லை. அடுத்த பெளர்ணமிக்கு முன் கன்று மிதந்துபோகும்.

பினாங்குப் பாலத்தின் தூண்களைக் கடல் அரிக்காதா?

தூண்களைவிடத் தூணைச் சுற்றியுள்ள அடிமண்ணுக்குத்தான் ஆபத்து. நீரோட்டம் தூணில் பிளந்து சுழலும்போது காலடியில் குழி பறிக்கும். 1985இல் திறந்த முதல் பாலமும் 2014இல் திறந்த இரண்டாவது பாலமும் மென்சேற்றைத் தாண்டி ஆழமாக இறக்கிய தூண்களில் நிற்கின்றன. அடிமண்ணை அவ்வப்போது ஆய்வு செய்வது பாலப் பராமரிப்பில் ஒரு பகுதி.

கடாரத்தின் (இன்றைய கெடா) பழைய துறைமுகம் இன்று வயல் நடுவே இருக்கிறதே, கடல் எங்கே போனது?

கடல் கொஞ்சம் இறங்கியது, நிலம் கொஞ்சம் முன்னேறியது. கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதி தரை. பினாங்கு அப்போது தீவே அல்ல, சமவெளியில் நின்ற குன்று. பனி உருகக் கடல் ஏறி, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தையும் தாண்டிச் சில மீட்டர் உயர்ந்து, பிறகு மெல்ல இறங்கியது. அந்த இடைவெளியில் சுங்கை மூடாவும் மெர்போக்கும் மண்ணைக் கொண்டுவந்து குவித்தபடியே இருந்தன.

சான்று வேண்டுமா? செபராங் பிறை வடக்கில் குவார் கெப்பா என்ற சிற்றூரில் பழங்கால மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் கிடைத்தன. 2017இல் அங்கே 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு பெண்ணின் எலும்புக்கூடும் கிடைத்தது. சிப்பியைக் கூடை கூடையாகச் சுமந்துகொண்டு யாரும் வெகுதூரம் உள்ளே போக மாட்டார்கள். அன்று கடல் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. இன்று அங்கிருந்து கரைக்குக் கிலோமீட்டர்கள். அந்த வட்டாரத்தில் பெர்மாத்தாங் என்று தொடங்கும் ஊர்கள் பலவும் கடல் விட்டுச்சென்ற பழைய மணல்மேடுகளின் மேல் அமைந்தவை. மேட்டில் வீடு, இரண்டு மேட்டுக்கு நடுவே சேற்றுத் தாழ்வில் வயல்.

கடாரத்தின் பழைய துறைமுகம் இருந்த பூஜாங் பள்ளத்தாக்குக்கும் இதுவே பொருந்தும். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025 வாக்கில் கடாரம் வந்தபோது மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற குனோங் ஜெராய் மலை இன்றும் அங்கேயே நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் சுங்கை பத்து என்ற இடத்தில் அகழ்ந்த படகுத்துறைகளின் எச்சம் மட்டும் நிலத்துக்குள் இருக்கிறது. துறைமுகத்தின் வாழ்வும் சாவும் அரசர் கையில் இருந்ததைப்போல வண்டல் கையிலும் இருந்தது.

பத்துமலைக் குகையையும் ஆறுதான் குடைந்ததா?

அது வேறு வித்தை. பத்துமலை சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து இலேசான அமிலமாகும். அந்த நீர் வெடிப்புகளில் இறங்கிப் பாறையையே கரைத்துவிடும். நிலத்தடி நீரும் ஓடையும் மீதியைப் பெரிதாக்கின. கிரானைட் மலையான பினாங்கில் அப்படிப்பட்ட குகையைத் தேடாதீர்கள்.

இதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

ஒரு நாள் போதும். காலையில் தாவரவியல் பூங்கா ஓடை. பாறை, மணல், தெளிந்த நீர். மதியம் தெலுக் பஹாங் வழியே மலைச்சாலை. வெட்டிய சரிவில் உருண்டைக் கற்கள். மாலையில் வெல்ட் கீயில் சீனக் குலத்தார் மரத்துறைகளில் நடந்து, வீடுகளுக்கு அடியில் சேற்றைப் பாருங்கள். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் வேண்டாம்.

அமாவாசை, பெளர்ணமியை ஒட்டிய நாள்கள் நல்லவை. அப்போதுதான் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும், பினாங்கில் ஏறக்குறைய 2 மீட்டர் வித்தியாசம் தெரியும். நீர் வற்றும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். சேற்றுப் பரப்பில் இறங்கி நடக்க வேண்டாம். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் முழங்கால்வரை இழுத்துக்கொள்ளும், செருப்பு திரும்பி வராது. மழை பெய்த மறுநாள் ஓடைப் பக்கம் போவதானால், மேலே மேகம் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். மலையில் பெய்தது கீழே வர அரை மணி நேரம்கூட ஆகாது.